ஆறு மணிச் சாப்பாடு

எழுபத்தெட்டு வயதில் கென்சாகுவைப் பிடித்த பயம் சாவைப் பற்றியது அல்ல, பிப்ரவரி பதினெட்டாம் தேதியைப் பற்றியது. அன்று காலை ஒன்பது மணிக்கு டவுனில் உள்ள டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு மூளைப் பரீட்சை. எழுபத்தைந்து தாண்டிவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க அதை எழுதியே ஆக வேண்டும். பதினாறு படம் காட்டுவார்கள். நடுவில் ஒரு தாள் நிறைய எண்களைக் கொடுத்து, இந்த எண்ணை அடி, அந்த எண்ணை அடி என்று புத்தியைத் திசை திருப்புவார்கள். பிறகு, என்னென்ன படம் பார்த்தீர்கள், எழுதுங்கள் என்பார்கள். நூற்றுக்கு முப்பத்தாறு எடுத்தால் போதும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கென்சாகு எடுத்தது நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகு மண்டை இன்னும் மோசமாகிவிட்டது. உரம் வாங்கப் போனவர் ரொட்டியோடு திரும்பினார். ஒருநாள் டிரக்கின் என்ஜினை அணைக்காமலே தோப்புக்கு ஏறிப்போய், இறங்கி வந்து பார்த்தால் பெட்ரோல் தீர்ந்து வண்டி செத்துக் கிடந்தது. மதியம் சாப்பிட்டு எழுந்தால் மாலை வரை ஒரே மந்தம். பக்கத்துத் தோப்பு ஓச்சி, "அண்ணே, உங்க வண்டிக்கு முன்னாடி நான் நடந்து போகவே யோசிக்கிறேன்" என்று சிரித்தபடிதான் சொன்னான். சிரிப்பு கென்சாகுவுக்கு வரவில்லை.

லைசென்ஸ் போனால் அந்த மலையில் வாழ முடியாது, அவ்வளவுதான் விஷயம். ஆரஞ்சுத் தோப்பு மேலே. கடை, கிளினிக், கூட்டுறவுக் கிட்டங்கி எல்லாம் ஒன்பது கிலோமீட்டர் கீழே. பஸ் நாளைக்கு இரண்டு தடவை, ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. ஞாயிறு தவறாமல் ஒசாகாவிலிருந்து மகன் தகாயுகி போன் செய்வான்.

"அப்பா, நீங்களே லைசென்ஸை ஒப்படைச்சிடுங்க. டிவியில தினமும் பாக்குறீங்கல்ல? பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுக் கடைக்குள்ள பாயுறாங்க. இங்க ஆறாம் மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

"உன் ரூமை நீயே வச்சுக்க. என் காலு எதை மிதிக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்று போனை வைத்துவிடுவார்.

செப்டம்பரில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போனார். மனைவி தொமியே வழக்கம்போல டிரக்கிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஊசி வாசனையே அவளுக்கு ஆகாது. வருஷாந்தரப் பரிசோதனைக்குக் கூட அந்த வருஷம் டிமிக்கி கொடுத்துவிட்டாள். உள்ளே டாக்டர் மியோஷி, நாற்பது வயதுப் பெண், கென்சாகுவின் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மூணு மாசச் சராசரி எட்டு புள்ளி ஒண்ணு. ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?"

"சோறு, மீன், கொஞ்சம் சரக்கு. அப்புறம் இனிப்புப் பயறு உருண்டை ரெண்டு."

"ரெண்டா?"

"நாலு."

"அப்புறம் தூங்குறீங்க. உடம்பு முழுக்கச் சர்க்கரை மிதக்குது. ஆனா அதை உள்ள வாங்கி எரிக்கிற சக்தி போயிடுச்சு. வெள்ளத்துல நின்னுக்கிட்டு தாகத்துல தவிக்கிற கதை. மந்தமா இருக்கு, மறந்து போகுதுன்னா ஆச்சரியமே இல்ல."

அந்த வாரம்தான் டிவியில் பட்டினி பற்றி ஒரு நிகழ்ச்சி ஓடியிருந்தது. பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் உடம்பு தன் குப்பையைத் தானே கூட்டித் தள்ளுமாம், மூளை பளிச்சென்று ஆகுமாம். கென்சாகு அதைக் கேட்டார்.

"மூளை பளிச்சுன்னு ஆகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள் டாக்டர். "எலிக்கு ஆச்சுங்கிறாங்க, மனுஷனுக்கு இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஆனா உங்க தொப்பைக்கும் சர்க்கரைக்கும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டா நல்லதுதான். சர்க்கரை இறங்கினா தூக்கம் வரும், மந்தம் குறையும். நீங்க சாப்பிடுற மாத்திரைக்கு ஆபத்து ஒண்ணும் இல்ல. மாசா மாசம் வந்து காட்டணும்." அவர் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னாள். "இது உங்களுக்கு மட்டும். வீட்டம்மாவுக்கு வேண்டாம். எழுபத்தஞ்சு வயசுல ஒல்லியா இருக்கிறவங்க பட்டினி கிடந்தா கரையிறதுக்குக் கொழுப்பு இருக்காது, சதைதான் கரையும்."

"சரிங்க டாக்டரம்மா" என்று வெளியே வந்தார். தொமியேயிடம் முதல் பாதியை மட்டும் சொன்னார். இரண்டாம் பாதியைச் சொல்ல என்ன இருக்கிறது? அவளை யார் பட்டினி கிடக்கச் சொன்னார்கள்?

"இனிமே எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. மதியம் ரெண்டு மணிக்கு மேல வாயைத் தொறக்க மாட்டேன்."

"பேசக்கூட மாட்டீங்களா? அப்ப எனக்கும் நிம்மதி" என்றாள் தொமியே.

முதல் பத்து நாள் நரகம். ஐம்பது வருஷமாக ஆறு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு, ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டதுமே புரள ஆரம்பிக்கும். மூன்றாம் நாள் தொமியே தனக்கு ஒரு துண்டு அயிலை பொரித்தாள். கென்சாகு அடுக்களை வாசலில் வந்து நின்றார். கண் சட்டியை விட்டு நகரவில்லை.

"போங்க அந்தப் பக்கம்."

"வாசனை பாக்குறேன். வாசனைக்கு ஏது சர்க்கரை?"

"எச்சில் ஊறுது உங்களுக்கு. போய்ப் படத்தைப் பாருங்க."

படம் என்றால் பரீட்சைப் படம். கேட்கப்போகும் படங்களைப் போட்டுப் புத்தகமே விற்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு பீரங்கி, காது, கோழி, ரோஜா என்று மனப்பாடம் பண்ணுவார். மறுநாளிலிருந்து சாயங்காலம் அடுப்படியில் மீன் வாசனையே இல்லை. ஆறு மணிக்கு தொமியே ஒரு கோப்பை டீயோடு டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். தான் தோப்பிலிருந்து வருவதற்கு முன்பே ஏதாவது சாப்பிட்டிருப்பாள் என்று கென்சாகு நினைத்துக்கொண்டார். கேட்டிருக்கலாம், வாய் இருந்தது. ஆனால் அந்தத் தலைமுறை ஆண்பிள்ளைகள் மனைவியிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

பதினோராம் நாள் பசி அடங்கியது. ஒரு மாதத்தில் இடுப்புவாரில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. காலை ஐந்து மணிக்கு விழிப்பு வரும்போது தலை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஓச்சியின் மூன்று பெண்களின் பெயரையும் தடுமாறாமல் சொன்னார். டிசம்பரில் எடை எழுபத்தைந்திலிருந்து அறுபத்தேழு. சர்க்கரை ஆறரை. டாக்டர் மியோஷி தாளை இரண்டு தடவை பார்த்தாள்.

"பொய் சொல்லாம சொல்லுங்க, வேற எங்கயாவது வைத்தியம் பாக்குறீங்களா?"

"வாயை மூடினதுதான் வைத்தியம்."

"வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. வண்டியில இருக்கா."

ஓச்சி கிண்டலை மாற்றிக்கொண்டான். "என்ன அண்ணே, புது மாப்பிள்ளை கணக்கா ஆயிட்டீங்க. அண்ணிக்குத்தான் ஆபத்து."

அது அறுவடைக் காலம். நவம்பரிலிருந்து மலைச்சரிவு முழுக்கக் கத்தரிக்கோல் சத்தம். மற்ற வருஷங்களில் தொமியே இருபது கிலோப் பெட்டியை இடுப்பில் ஏற்றி, பழம் இறக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி வரை அவளே கொண்டுபோய் வைப்பாள். இந்த வருஷம் பெட்டியைப் பாதி நிரப்பி வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். ஊறுகாய் ஜாடி மூடியைத் திறந்துகொடுக்கச் சொன்னாள். ஏப்ரன் கயிறு இடுப்பைச் சுற்றி முன்னால் வந்து மறுபடியும் பின்னால் போய் முடிச்சு விழுந்தது. ஒருநாள் டவுனில் சாலையைக் கடக்கும்போது அவள் பாதி வழியில் இருக்கையிலேயே பச்சை விளக்கு போய்விட்டது.

"ஆமை கூட இந்நேரம் அந்தப் பக்கம் போயிருக்கும்" என்றார் கென்சாகு, கரையேறி நின்றுகொண்டு.

"ஆமைக்கு வீட்டுவேலை கிடையாது" என்றாள் தொமியே மூச்சு வாங்க. டிரக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுதான் ஏறினாள்.

எல்லாம் அவர் கண்ணில் பட்டது. மனசில்தான் படவில்லை. வயசாகிறது என்று நினைத்தார். தனக்கு வயசு குறைந்துகொண்டே போவதால் அவளுக்குக் கூடுவது போலத் தெரிகிறது என்றுகூட ஒருதரம் நினைத்து உள்ளூரப் பெருமைப்பட்டார் மனுஷன்.

பிப்ரவரி பதினெட்டு வந்தது. "நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் காலு கொஞ்சம் அசதியா இருக்கு" என்றாள் தொமியே. அவர் எட்டு மணிக்குக் கிளம்பினார். பரீட்சை அறையில் எட்டுப் பேர். பக்கத்தில் இருந்த ஒருவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே வியர்த்துக்கொண்டிருந்தார். கென்சாகுவுக்கு எழுதும்போது கை நிற்கவே இல்லை. தேதி, கிழமை, நேரம், பதினாறில் பதினைந்து படம். தாளைத் திருத்திய பெண், "தாத்தா, இந்த வாரம் நான் பாத்ததுல இதுதான் அதிகம்" என்றாள். தொண்ணூற்றிரண்டு.

மலை ஏறும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார். வாசலில் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"தொமியே! தொண்ணூத்திரண்டு! கேக்குதா? தொண்ணூத்திரண்டு!"

"கேக்குது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தாழ்ந்த மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலையவில்லை, ரத்தம் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வரும்வரை காத்திருப்பவள் போல இருந்தாள்.

"என்ன, எந்திரிக்காமயே இருக்கே? புருஷன் பாஸாகி வந்திருக்கேன்."

"எந்திரிக்க முடியல."

"விழுந்தியா?"

"விழல. உக்காந்தேன். அப்புறம் எந்திரிக்க வரல."

"எப்பலேர்ந்து?"

"நீங்க வண்டியை எடுத்த சத்தம் கேட்டுச்சு. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி."

கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. போன் அலமாரிக்கு மேலே, அவளுடைய கண்ணுக்கு நேராக, கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பாவாடை நனைந்திருப்பதை அவள் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். கென்சாகு குனிந்து அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினார். ஆயுள் முழுக்க ஆரஞ்சுப் பெட்டி தூக்கிய கைக்கு எடை தெரியும். தொமியே இரண்டு பெட்டிகூடத் தேறவில்லை.

கிளினிக்கில் இந்தமுறை அவள் டிரக்கில் உட்காரவில்லை. அவர் தூக்கிக்கொண்டு போனார். முப்பத்தாறு கிலோ. டாக்டர் மியோஷி எக்ஸ்ரே எடுத்தாள், ரத்தம் எடுத்தாள், பிறகு தொமியேயின் காலடியில் மண்டியிட்டாள்.

"அம்மா, ரெண்டு கை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து ஒரு வளையம் பண்ணுங்க. அதை இந்தக் கெண்டைக்கால்ல மாட்டுங்க. தடிச்ச இடத்துல."

தொமியே மாட்டினாள். வளையம் காலைச் சுற்றித் தளர்ந்து தொங்கியது. நடுவில் இன்னொரு விரல் போகும் இடம் இருந்தது.

"எலும்பு ஒண்ணும் உடையல. ஒடியிறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க, அது அதிர்ஷ்டம். சதைதான் இல்ல. ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?"

"டீ."

"டீயோட?"

"ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு நாளா?"

தொமியே புருஷனைப் பார்த்தாள். "இவரு எவ்வளவு நாளோ அவ்வளவு நாளா."

டாக்டர் கென்சாகு பக்கம் திரும்பினாள். கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"உங்ககிட்ட சொன்னேனே?"

"சொன்னீங்க."

"என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கொழுப்பு இருக்காது, சதைதான் கரையும்னு சொன்னீங்க." ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. மறந்துபோச்சு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

"வீட்ல சொன்னீங்களா?"

கென்சாகு வாயைத் திறப்பதற்குள் தொமியேதான் குறுக்கே புகுந்தாள்.

"அவரைத் திட்டாதீங்க. அவரு என்னைச் சாப்பிடாதேன்னு சொல்லல. மீன் பொரிச்சா இவரு வாசல்ல வந்து நிப்பாரு, பாக்கவே பாவமா இருக்கும். ஒருநாள் வாய் வச்சாருன்னா அப்புறம் அவ்வளவுதான், நாலு பயறு உருண்டையும் உள்ள போயிடும். அதான் அடுப்பையே பத்த வைக்கல. ஒருத்திக்குன்னு தனியா ஒலை வைக்கவும் மனசு வரல."

"பகல்ல சேத்துச் சாப்பிட்டிருக்கலாமே அம்மா?"

"மதியம் தோப்புல அரைச் சோத்து உருண்டைக்கு மேல எனக்கு எறங்காது. முன்ன இருந்தே அப்படித்தான். நான் ராத்திரிதான் நல்லாச் சாப்பிடுவேன்." பிறகு அவளே சொன்னாள். "இவரு ஃபெயிலானா ஒசாகா போகணும். ஆறாம் மாடி. அங்க எனக்கு என்ன இருக்கு? எனக்கும்தான் இவரு பாஸாகணும்."

கென்சாகுவுக்கு வெட்கமாக இருந்தது. தொண்ணூற்றிரண்டு என்று கத்திக்கொண்டு வந்த வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது. ஐம்பத்திரண்டு வருஷமாக அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

டாக்டர் மூன்று வேளைக்கும் எழுதிக் கொடுத்தாள். முட்டை, மீன், டோஃபு, பால். வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வீட்டுக்கு வந்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தெழப் பழக்குவாள். கென்சாகு அவருடைய பட்டினியை விட வேண்டாம், அது அவருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. தொமியே சாப்பிட்டால் போதும்.

சொல்வது சுலபம். அன்று ஆறு மணிக்கு கென்சாகு தானே அரிசி களைந்தார், தானே அயிலையைக் கருக்கினார். தொமியே முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவள் கைகூப்பினாள், சாப்பாட்டுக் குச்சியை எடுத்தாள், இரண்டு வாய் வைத்தாள், கீழே வைத்தாள்.

"ஏன்?"

"நீங்க சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குது."

அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மீன் அப்படியே இருந்தது. "தனியாச் சாப்பிட்டுப் பழக்கம் இல்லீங்க" என்றாள். மறுநாள் கெஞ்சினார். அதற்கு மறுநாள் கத்தினார். "சாகப்போறியா? என்னைக் கொலைகாரன் ஆக்கப்போறியா?" என்று மேஜையில் அடித்ததில் சூப் கொட்டியது. தொமியே துணியை எடுத்துத் துடைத்தாள். அன்றும் இரண்டு வாய்தான்.

நாலாம் நாள் அவர் இரண்டு கிண்ணம் வைத்தார்.

"என்னங்க இது? உங்க மூளை?"

"மூளைக்கு என்ன, பரீட்சைதான் முடிஞ்சுதே." கைகூப்பினார், குச்சியை எடுத்தார், ஒரு வாய் வைத்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு ராத்திரிச் சோறு. மீன் கருகித்தான் இருந்தது. தொமியேயும் ஒரு வாய் வைத்தாள்.

"உப்பே இல்ல" என்றாள். ஆனால் குச்சியைக் கீழே வைக்கவில்லை.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. அவர் கிண்ணத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் அவள் தன் கிண்ணத்தில் போட்டுக்கொள்வாள். கென்சாகு சாமர்த்தியமாகச் சின்னக் கிண்ணத்தை எடுத்தார். அவள் அதைவிடச் சின்னதை எடுத்தாள். சரி போ என்று அவர் பெரிய கிண்ணத்துக்குப் போனார், சோறு, மேலே முட்டை, பக்கத்தில் டோஃபு. அவள் கிண்ணமும் பெரிதானது. காலையில் அவர் பால் குடித்தால் குடித்தாள். பால் அவருக்கு ஜென்ம விரோதி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். சாப்பிட்டு முடித்ததும் டாக்டர் சொன்னபடி இருவரும் தோப்பு வேலி வரை நடந்தார்கள். முதல் வாரம் வாசல் வரை, இரண்டாம் வாரம் கிணறு வரை, பூ விடுகிற சமயத்தில்தான் வேலியைத் தொட்டார்கள்.

மே மாதம் இருவரும் சேர்ந்து கிளினிக்குக்குள் போனார்கள். தொமியே படியைக் கைப்பிடி பிடித்து அவளே ஏறினாள். எடை முப்பத்தொன்பது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து காட்டினாள். டாக்டர் கைதட்டினாள். பிறகு அடுத்த தாளை எடுத்தாள், முகம் மாறியது.

"கென்சாகு ஐயா, என்ன இது? எடை அஞ்சு கிலோ ஏறியிருக்கு. சர்க்கரை ஏழு புள்ளி ஆறு."

"தெரியும்."

"சோத்தையாவது குறைக்கலாமே?"

"குறைச்சா இவளும் குறைக்கிறா."

தொமியே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"இப்படியே போனா பழைய மந்தம் திரும்பி வரும்" என்றாள் டாக்டர். "பரீட்சைக்கு வேணும்னா படத்தை மனப்பாடம் பண்ணலாம், மத்ததுக்குப் பண்ண முடியாது. மூணு வருஷம் கழிச்சு மறுபடியும் எழுதணும்ல? எண்பத்தொண்ணு வயசுல. லைசென்ஸ் போயிடும், யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் டாக்டரம்மா. போனா போகட்டும். பக்கத்து சீட்டுல இவ இல்லாம நான் மட்டும் வண்டியை எங்க ஓட்டிக்கிட்டுப் போறது?"

டாக்டர் பேனாவைத் திறந்தாள், அவருக்கு மாத்திரையைக் கூட்டி எழுதினாள். தொமியே அவர் சட்டை முனையைப் பிடித்து இழுத்தாள்.

"மணி பன்னெண்டு ஆகுதுங்க. பசிக்குது."